எல்கின் ரோடு வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்

போன மாதம் சித்தி மகன் வந்திருந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. ஆபீஸ் விஷயமாக சால்ட் லேக் வந்தவன், ஓட்டல் அறையைக் காலி செய்துவிட்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் தங்கினான். சித்தி கொடுத்துவிட்ட சுக்குக் கருப்பட்டியும் ஓட்டல் சோப்பு நாலும் என் மனைவியிடம் ஒப்படைத்தான். பிள்ளை பாசக்காரன்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்து பால்கனியில் உட்கார்ந்திருந்தபோதுதான் மெல்ல ஆரம்பித்தான். கம்பெனியில் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் இல்லை, இரண்டு வருஷம். எல்லாம் முடிவாகிவிட்டது. விசா விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வி மட்டும் இடிக்கிறது.

"நீங்கள் எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? ஜெர்மனியில்? வேறு நாட்டில்?"

எனக்கு முதலில் புரியவில்லை. இவனுக்கு ஏது குற்றம்? அப்புறம் நினைவு வந்தது. 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஒரேயடியாக ஏறியதே, அப்போது ஊருக்கு ஊர் கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். இவனும் உட்கார்ந்தான். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் உப்புமா கொடுத்து அனுப்பினார்கள். எல்லாரும் மறந்துவிட்டோம். வழக்கு மறக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து சம்மன் வந்தது. வக்கீல், "குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும், இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்" என்றிருக்கிறார். ஐநூறு ரூபாய் கட்டிவிட்டு வந்துவிட்டான்.

"அண்ணே, கேஸுதான் அன்னைக்கே முடிஞ்சிட்டுல்லா? அப்புறம் என்னத்துக்கு எழுதணும்? ஏஜெண்டு 'இல்லை'ன்னே போடுங்க, யாரு தோண்டப் போறாங்கங்கான்."

கேஸ் முடிந்தது உண்மைதான். ஆனால் எப்படி முடிந்தது? குற்றவாளி என்று முடிந்தது. ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான், ஐநூறானாலும் ஐயாயிரமானாலும். நம் ஊரில் எத்தனை பிள்ளைகள் இப்படி "முடித்துவிட்டு" வந்திருக்கிறார்களோ தெரியாது. நான் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை இட்லி சாப்பிட்டபிறகு அவனை எல்கின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எல்கின் ரோடு என்பது பழைய பெயர். இப்போது லாலா லஜபத் ராய் சரணி. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அப்பா ஜானகிநாத் போஸ் கட்டிய வீடு அங்கே இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். ஊரிலிருந்து யார் வந்தாலும் காளிகாட், விக்டோரியா நினைவகம், அப்புறம் இந்த வீடு என்று ஒரு சுற்று அழைத்துப் போவது எங்கள் வழக்கம். எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தக் காரை. வாண்டரர், ஜெர்மன் கார், எண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டி, அண்ணன் மகன் சிசிர் ஓட்ட, போஸ் இதில் ஏறித்தான் வீட்டுக்காவலிலிருந்து தப்பினார். கோமோ ஸ்டேஷன் வரைக்கும் கார், பிறகு ரயில், பெஷாவர், காபூல், மாஸ்கோ, கடைசியில் பெர்லின். வாண்டரர் முன்னால் நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தம்பியும் எடுத்துக்கொண்டான்.

ஆனால் நான் அவனுக்குச் சொல்ல நினைத்தது அந்தக் கதையை அல்ல. அதற்கு எட்டு வருஷம் முந்தைய கதை. போஸ் முறைப்படி, சொந்தப் பெயரில், பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஐரோப்பா போன கதை. மாறுவேஷம் இல்லாததாலோ என்னவோ அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

1932 ஜனவரி 2ம் தேதி பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் போஸைக் கைது செய்தார்கள். அதற்கு முன்னாலேயே அவர் பெயரில் தண்டனைகள் உண்டு. 1921 டிசம்பரில் கைதாகி ஆறு மாதம், 1930லும் 1931லும் மறுபடி. நடுவில் 1924 முதல் 1927 வரை விசாரணையே இல்லாமல் சிறை, அதில் பெரும்பகுதி பர்மாவில் மாண்டலேயில். ஆக "நீங்கள் தண்டிக்கப்பட்டதுண்டா" என்ற கேள்விக்கு அவர் ஒரு தனித்தாள் இணைத்திருக்க வேண்டும் :-)

1932 கைதில் வழக்கே கிடையாது. 1818ம் வருஷத்து மூன்றாம் ரெகுலேஷன் என்ற ஒரு பழஞ்சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. காரணம் சொல்ல வேண்டாம், நீதிமன்றம் போக வேண்டாம், சந்தேகம் போதும். சிவனி, ஜபல்பூர் என்று சிறை மாற்றினார்கள். உடம்பு கெட்டது. வயிற்றுவலி, காய்ச்சல், எடை இறங்கியது, காசநோயோ என்ற பயம். பரிசோதனைக்காக மதராஸ் பெனிடென்ஷியரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆமாம், நம் சென்னைதான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்ததே மத்திய சிறை, 2009ல் இடித்தார்களே, அதேதான். இதைச் சொன்னதும் தம்பி கொஞ்சம் நிமிர்ந்தான். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை தடவை மின்சார ரயில் பிடித்திருப்போம்! யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. பிறகு அவரை இமயமலை அடிவாரத்தில் பவாலி சானடோரியத்துக்கும் லக்னோவுக்கும் கொண்டுபோனார்கள். எங்கேயும் குணமாகவில்லை.

அரசாங்கத்துக்கு இப்போது சங்கடம். கைதி சிறையிலேயே செத்துவிட்டால் வங்காளம் பற்றி எரியும். விடுதலை செய்தால் ஒரே வாரத்தில் மேடை ஏறிவிடுவார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய் வைத்தியம் செய்துகொள்ளட்டும். சொந்தச் செலவில். நேராகச் சிறையிலிருந்து கப்பலுக்கு. 1933 பிப்ரவரி 23 அன்று பம்பாயில் 'கங்கே' என்ற இத்தாலியக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் கிளம்பியபிறகுதான் விடுதலை. மார்ச் 6ல் வெனிஸ். அங்கிருந்து வியன்னா.

இங்கேதான் பாஸ்போர்ட் வருகிறது. போஸுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் எல்லா நாட்டுக்கும் செல்லாது. அந்தக் காலத்து பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். போஸின் பாஸ்போர்ட் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் செல்லாது. ஜெர்மனிக் கதவு சில மாதங்களில் திறந்தது, ஜூலையில் அவர் பெர்லினில் இருந்தார். பிரிட்டன் கதவு மட்டும் திறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்ததே பிரிட்டிஷ் அரசாங்கம். அதில் இவர் "பிரிட்டிஷ் பிரஜை". பிரிட்டிஷ் பிரஜையின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பிரிட்டனுக்குச் செல்லாது! அதுவும் யாருக்கு? 1919 முதல் 1921 வரை கேம்பிரிட்ஜில் படித்தவருக்கு. 1920ல் லண்டனில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதி நான்காவதாக வந்து, அந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு.

இதில் இன்னொரு கூத்து உண்டு. பேரரசின் எந்த மூலையில் இருக்கும் பிரஜையும் பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்த அங்கே 1962 வரை சட்டமே கிடையாது. அந்த வருஷம்தான் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் வந்தது. 1933ல் போஸைத் தடுத்து நிறுத்த நீதிமன்றத் தீர்ப்போ நாடாளுமன்றச் சட்டமோ அவர்களிடம் இல்லை. பாஸ்போர்ட்டில் அந்த நாட்டின் பெயரை எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதம் லண்டனில் வாழும் இந்தியர்கள் ஓர் அரசியல் மாநாடு கூட்டினார்கள். தலைமை தாங்கத் தேர்ந்தெடுத்தது போஸை. தலைவர் வர முடியாது. எழுதி அனுப்பினார், வேறொருவர் மேடையில் வாசித்தார். பிறகு வியன்னாவில் உட்கார்ந்து 'இந்தியன் ஸ்ட்ரகிள்' என்ற புத்தகத்தை எழுதினார். 1935 ஜனவரியில் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. ஆக, புத்தகம் லண்டனில் கடை அலமாரியில் இருக்கலாம், எழுதியவர் வர முடியாது. எழுதியவர் பிறந்த நாட்டிலோ புத்தகம் வர முடியாது, இந்திய அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. ஆளை ஒரு பக்கமும் புத்தகத்தை மறுபக்கமும் நிறுத்தியிருந்தார்கள்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு உறைக்கிற இடம் ஒன்று சொல்கிறேன். 1934 நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு முடியவில்லை, உடனே கிளம்பி வா என்று வீட்டிலிருந்து தகவல். போஸ் விமானம் பிடித்தார். அப்போது விமானம் என்றால் நாலைந்து நாள், ஊர் ஊராக இறங்கி ஏறி வரும். கல்கத்தா வந்து சேர்வதற்குள், டிசம்பர் 2ம் தேதி, ஜானகிநாத் போய்விட்டார். டம்டமில் இறங்கியவரிடம் போலீஸ் ஒரு உத்தரவை நீட்டியது. நேராக எல்கின் ரோடு வீட்டுக்குப் போக வேண்டும், அங்கேயே இருக்க வேண்டும், வீட்டாரைத் தவிர வேறு யாரோடும் பேசக்கூடாது. அப்பாவுக்கான காரியங்களை அந்தக் காவலுக்குள் இருந்துதான் செய்தார். ஜனவரியில் மறுபடி ஐரோப்பா. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அதே வீடு. என் அப்பா போனபோது நான் ஹவுரா ஸ்டேஷனில் தட்கால் டிக்கெட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். சரி, அது வேறு கதை. தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

1935 ஏப்ரலில் வியன்னாவில் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. அத்தனை நாள் வலிக்கு அதுதான் காரணம். உடம்பு தேறியது. 1936 தொடக்கத்தில் அயர்லாந்து போக ஆசைப்பட்டார், டி வலேராவைப் பார்க்க. டப்ளினுக்குச் சுலபமான வழி லண்டன் போய்ப் போவது. அது முடியாதே! பிரான்சில் லே ஆவ்ர் துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ஏறி, பிரிட்டன் மண்ணில் காலே வைக்காமல், அயர்லாந்தின் தென்கோடியில் கோவ் துறைமுகத்தில் இறங்கினார். டப்ளினில் டி வலேரா வரவேற்றுப் பேசினார். டி வலேரா யார்? பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் 1916ல் மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்த "குற்றவாளி". இப்போது அரசாங்கத்தின் தலைவர். இரண்டு பேரும் சிறை அனுபவங்களை ஒப்பிட்டுப் பேசியிருக்க மாட்டார்களா? பேசியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மார்ச்சில் வியன்னாவில் இருந்த பிரிட்டிஷ் கான்சல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் இந்தியா திரும்பினால் வெளியில் நடமாட முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதுதான் சாரம். போஸ் திரும்பினார். ஏப்ரல் 8ம் தேதி பம்பாயில் இறங்கியதும் கைது. 1937 மார்ச் வரை காவல். இத்தனைக்கும் விசாரணையில்லை, குற்றப்பத்திரிகையில்லை.

இனிதான் நான் தம்பிக்குச் சொல்ல வந்த விஷயம். 1937 நவம்பரில் போஸ் மறுபடி ஐரோப்பா கிளம்பினார். ஆஸ்திரியாவில் பட்காஸ்டைன் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் தங்கி சுயசரிதை எழுதினார். 1938 ஜனவரியில் எங்கே போனார் தெரியுமா? லண்டனுக்கு. முறையான அனுமதியோடு. அட்லியைச் சந்தித்தார், கிரிப்ஸைச் சந்தித்தார், கூட்டங்களில் பேசினார். லண்டனில் இருக்கும்போதே காங்கிரஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தது.

1933க்கும் 1938க்கும் நடுவில் என்ன மாறியது? அவருடைய பழைய தண்டனைகளை யாரும் ரத்து செய்யவில்லை. போலீஸ் கோப்பு மெலியவில்லை, தடிமன்தான் ஆகியிருக்கும். மாறியது வெளியே. 1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்துப் பல மாகாணங்களில் ஆட்சிக்கு வந்துவிட்டது, மதராஸில் ராஜாஜி பிரதமர். நாளைக்குக் காங்கிரஸ் தலைவராகப் போகிறவரை வாசலில் நிறுத்திவைக்க முடியாது.

இது போஸுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. திலகரை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜதுரோகத்துக்கு ஆறு வருஷம் மாண்டலேயில் இருந்தவர். 1918ல் ஹோம் ரூல் தூதுக்குழுவோடு லண்டன் போக மதராஸ் வழியாகக் கொழும்பு வரை போனார். அங்கே பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள். அதே திலகர், அதே வருஷம் செப்டம்பரில், வாலண்டைன் சிரோல் என்ற பத்திரிகையாளர் மீது போட்ட அவதூறு வழக்கை நடத்த லண்டன் போக அனுமதி பெற்றார், அரசியல் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. அப்போதும் குற்றப் பதிவு அதேதான். போகிற காரியம்தான் மாறியிருந்தது.

நிற்க. "அண்ணே, அவுகள்லாம் பெரிய ஆளுக. அதுவும் வெள்ளைக்காரன் காலம். எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி.

சம்பந்தம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போனபிறகும் இருபது வருஷம் இந்தியாவில் பாஸ்போர்ட் கொடுப்பதற்கு ஒரு சட்டம் கிடையாது. கொடுத்தால் கொடுப்பார்கள், பிடுங்கினால் பிடுங்குவார்கள், காரணம் கேட்க முடியாது. போஸுக்கு நடந்த அதே முறை, முத்திரை மட்டும் அசோகச் சக்கரம். 1966ல் சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரியிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இறக்குமதி லைசென்ஸ் விஷயத்தில் அவர் மேல் விசாரணை, வெளிநாடு போனால் திரும்பி வரமாட்டார் என்பது அரசாங்கத்தின் பயம். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரல் 10ல் தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையில் ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னார்கள்: வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது, சட்டம் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது. மறுநாளே சுப்பா ராவ் ராஜினாமா செய்து, ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றார். அது அரசியல், விடுங்கள். தீர்ப்பு நின்றது. அவசர அவசரமாக ஒரு ஆர்டினன்ஸ் போட்டு, ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அதுதான்.

கவனித்தீர்களா? வெளிநாடு போகும் உரிமையை நமக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு தலைவர் அல்ல, தியாகி அல்ல. குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு வியாபாரி. இன்றைக்கு வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்குகிற நாம் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அந்தச் சட்டத்தின் ஆறாவது பிரிவுதான் வழக்கு உள்ளவர்களுக்கு முக்கியம். விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருஷத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு வருஷத்துக்குக் குறையாத தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் மறுக்கலாம். ஆனால் 1993ல் வந்த ஒரு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றமே அனுமதி கொடுத்தால் பாஸ்போர்ட் தர வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று உத்தரவில் சொல்லியிருந்தால் அத்தனை காலம், சொல்லாவிட்டால் ஒரு வருஷம். வெறும் எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது நிலுவை வழக்கு ஆகாது, நீதிமன்றம் அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நம் ஆட்கள் பலர் இது தெரியாமல், ஒரு எஃப்.ஐ.ஆர். வந்தாலே வெளிநாட்டுக் கனவு போச்சு என்று சுருண்டுவிடுகிறார்கள், அல்லது தம்பி மாதிரி கிடைத்த வழியில் "முடித்து" விடுகிறார்கள்.

தம்பிக்கு பாஸ்போர்ட் சிக்கல் இல்லை. ஐநூறு ரூபாய் அபராதம் ஆறாவது பிரிவுக்குக் கிட்டேயே வராது. சிக்கல் விசா தாளில்.

போஸ் காலத்தில் வியன்னாவிலிருந்து பிராக் போக ஒரு விசா, வார்சா போக இன்னொன்று. 1985 ஜூனில் லக்சம்பர்க்கில் ஷெங்கன் என்ற சின்ன கிராமத்துப் பக்கம், ஆற்றில் நின்ற ஒரு படகில், ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. பத்து வருஷம் கழித்து 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு இருபத்தொன்பது நாடுகள். எல்லைகளை எடுத்தபோதே பொதுவாக ஒரு கணினிப் பட்டியலையும் வைத்தார்கள், யாரை உள்ளே விடக்கூடாது என்று. இந்தப் பட்டியலைத்தான் நம் ஏஜெண்டுகள் பூச்சாண்டி காட்டுகிறார்கள். உண்மையில் அதில் ஒருவரைச் சேர்க்க முக்கியமான அளவுகோல், உறுப்பு நாடு ஒன்றில், குறைந்தது ஒரு வருஷச் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருப்பது. அல்லது அங்கே பெரிய குற்றம் செய்யப் போகிறார் என்ற வலுவான சந்தேகம். எங்கள் மாவட்டத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கட்டிய ஐநூறு ரூபாய் தானாகப் போய் அந்தக் கணினியில் உட்காராது.

சுற்றுலாவுக்குப் போகும் குறுகிய கால ஷெங்கன் விண்ணப்பத்தில் தண்டனை பற்றிய கேள்வியே கிடையாது. பிரிட்டன் தனி, அங்கே எல்லாத்தையும் கேட்பார்கள். ஜெர்மனியின் நீண்டகால விசாத் தாளில்தான் அந்தக் கேள்வி இருக்கிறது, கூடவே என்ன காரணம், என்ன தண்டனை என்று எழுத இடமும் விட்டிருக்கிறார்கள். ஏஜெண்டு கவனிக்காதது அந்த இடத்தைத்தான். பஸ் கட்டண மறியல், ஐநூறு ரூபாய் என்று அதில் எழுதினால் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? தெரியாது, அது அவர் முடிவு. ஆனால் "இல்லை" என்று எழுதி, பிறகு தெரியவந்தால், மறியல் ஒரு விஷயமே இல்லாமல் போய்விடும். பொய்த்தகவல் கொடுத்து விசா வாங்கினான் என்பதே ஜெர்மன் சட்டப்படி வெளியேற்றக் காரணம். அது அந்த நாட்டிலேயே உண்டான பதிவு. ஐநூறு ரூபாய்ப் பதிவை மறைக்கப் போய்ப் பெரிய பதிவு ஒன்றைச் சம்பாதிப்பானேன்?

"போஸே பொய்ப் பேருலதான போனாரு?" என்றான். பிள்ளை விடமாட்டான். காரைக் காட்டியது என் தப்பு :-)

போனார்தான். 1941ல் இத்தாலிய பாஸ்போர்ட்டில் ஆர்லாண்டோ மசோட்டா என்ற பெயரில் பெர்லின் போனார். ஆனால் அவருக்குத் திரும்பி வரும் எண்ணம் படையோடுதான். உனக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு வர வேண்டும், சித்திக்கு முடியாவிட்டால் அன்று ராத்திரியே ஏற வேண்டும், இரண்டு வருஷத்தில் நீட்டிப்புக்கு அதே அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். உனக்குக் கணக்கு வேறு என்றேன். சிரித்தான்.

அன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் போட்டோம். விஷயம் கேட்டு முதலில் வக்கீலைத் திட்டினார், அப்புறம் அரசாங்கத்தை, அப்புறம் பஸ்ஸை. திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போய் நகல் மனு போட்டார். வழக்கு எண் யாரிடமும் இல்லை. அபராதம் கட்டிய ரசீது, சித்தி பத்திரமாக வைத்திருந்த மளிகைச் சிட்டைகளுக்கு நடுவில் கிடைத்தது. மூன்று தடவை அலைந்து, சான்றிட்ட நகல் வந்து சேர பதினேழு நாள்.

ஒன்றரைப் பக்கம். தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எதிரிகள் என்று பதினோரு பேர், இவன் ஏழாவது. அப்பா பெயர், வயது இருபது, தொழில் மாணவர். குற்றத்தைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் ரூ.500 அபராதம், கட்டத் தவறினால் ஒரு வாரம் மெய்க்காவல் தண்டனை. இத்தனை வருஷத்தில் தன் தீர்ப்பை இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறேன் என்றான். கூட இருந்த பத்துப் பேரில் ஒருவன் குவைத்தில், ஒருவன் போலீஸ் வேலைக்கு எழுதித் தேர்வாகாமல் போனவன், ஏன் ஆகவில்லை என்று இப்போது புரிகிறது என்றான்.

சென்னையில் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளரிடம் தாள் இருக்கிறது. "மறியல்" என்பதற்கு என்ன போடுவது என்று கேட்டிருக்கிறார். விசா நேர்காணல் வருகிற மாதம் பன்னிரண்டாம் தேதி.